எல்லோருக்கும் பொருந்தும் தோல்

நிரஞ்சனாவின் கையில் ஒட்டியிருந்த சோதனைத் துண்டுகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே வந்த ஃபர்ஹானா, கடைசித் துண்டை எடுத்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

நிரஞ்சனா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். பார்க்க என்ன இருக்கிறது? மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாகச் சிவந்து தடித்திருக்கும். ரப்பர் என்றால் உடனே கொப்புளம். மருத்துவமனைகளில் புழங்கும் உயர்ரக சிலிக்கான் என்றால் ஒரு ராத்திரி பொறுத்து வரும். கண்ணாடிகூடக் கொஞ்சம் குளிர்ந்திருந்தால் போதும், திட்டுத் திட்டாக வீங்கிவிடும். முப்பத்தொன்பது வருடமாக அவள் பார்த்துவரும் கதைதான்.

"அக்கா, இங்க கொஞ்சம் பாருங்க."

"எவ்வளவு மோசம்?"

"மோசமில்லீங்க. பாருங்களேன்."

நிரஞ்சனா திரும்பினாள். சிவப்பு வட்டங்கள் வரிசையாக இருந்தன. முழங்கைக்குக் கீழே கடைசித் துண்டு ஒட்டியிருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. சிவப்பில்லை, அரிப்பில்லை, பிளாஸ்திரி அழுத்திய கோடுகூட இல்லை.

ஃபர்ஹானா தோலைப் படிக்கும் கருவியை அந்த இடத்தில் வைத்தாள். சின்னத் திரையில் எழுத்து ஓடியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே எழுத்து. கருவியைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறை வைத்துப் பார்த்தாள்.

"என்ன சொல்லுது?"

"இந்த இடத்துல எதையுமே ஒட்டலைன்னு சொல்லுது" என்றாள் ஃபர்ஹானா. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "ரெண்டு நாளா ஒட்டியிருந்துச்சுங்க. நான்தான ஒட்டிவிட்டேன்."

கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் 'இதம்' என்ற அந்தக் கடையைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் மூக்குக்கண்ணாடிக் கடை என்றுதான் நினைப்பார்கள். வெள்ளைச் சுவர், மெல்லிய வெளிச்சம், தனித்தனியாக நான்கு சிறிய அறைகள். அந்தரங்கச் சுகத்துக்கான சாதனங்களை டாக்டரிடம் கண் பரிசோதிப்பதுபோல உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுக்கலாம் என்ற காலம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் நிரஞ்சனா அந்த வாசலை நான்கு தடவை கடந்துபோன பிறகுதான் உள்ளே நுழைந்தாள்.

பம்ப் செட் கம்பெனி ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் அவளுக்கு வேலை. சுடிதாரை உட்புறம் வெளியே தெரியும்படித் திருப்பித்தான் போடுவாள். தையல் தோலில் பட்டால் அது தடித்துவிடும். அவள் கணவன் அருணேஷ் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவன். பூண்டும் மிளகாயும் புழங்கிய கையைப் பாசிப்பயறு மாவால் முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு, ஆபரேஷனுக்கு நிற்கும் டாக்டரைப் போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நிற்பான். "வரலாமா?" என்பான். சில நாள் வரலாம். பல நாள் முடியாது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர்கள் ஒருவரையொருவர் தொட்ட பொழுதுகளைவிடத் தொடாமல் பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருந்த பொழுதுகள்தான் அதிகம். அவன் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவளுக்குத்தான் அவள் உடம்பின்மேல் ஆத்திரம் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் இயல்பாகக் கிடைக்கும் ஒன்று தனக்கு மட்டும் கொப்புளமாக வந்து முடிவானேன்?

முதல் நாள் ஃபர்ஹானா அவளிடம் நெளியாமல், குழையாமல் பேசினாள். வாசனை போட்டது, சாயம் போட்டது எதையும் தொடவே வேண்டாம் என்றாள். கண்ணுக்குத் தெரியாத துளை உள்ள மலிவுச் சாமான்களில் அழுக்கு தங்கும், அதனால் அதுவும் வேண்டாம். எதுவானாலும் முதலில் முழங்கைக்கு உள்பக்கம் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடம். "அவசரமே இல்லீங்க அக்கா. உங்க தோலு சரின்னு சொல்றவரைக்கும் நம்ம காத்திருப்போம்" என்று சொல்லித்தான் துண்டுகளை ஒட்டி அனுப்பினாள்.

இப்போது அந்தத் தோல் சரி என்று சொல்லியிருந்தது.

"அது என்ன சாமான்?" என்று நிரஞ்சனா கேட்டாள்.

"தளிர்னு பேருங்க. சாமான்னு சொல்ல முடியாது. மேலே இருக்கறது நெசமான மனுசத் தோல். யாரோ ஒருத்தர்கிட்ட இருந்து எப்பவோ எடுத்த துளியூண்டு செல்லை வெச்சு, தட்டுல ஊட்டச்சத்து ஊத்தி வளர்க்கறாங்க. உயிரோட இருக்கும். கதகதப்பா இருக்கும். கருவிக்கு உறை மாதிரிப் போட்டுத் தர்றாங்க. பெட்டியில சத்துத் தண்ணி இருக்கும், அதுல வெச்சா சில மாசம் தாங்கும்."

"யாரோட தோல்?"

"அது எங்களுக்கும் தெரியாதுங்க. ஆனா ஒண்ணு. எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் மொதநாள் லேசாச் சிவக்கும். அப்புறம் பழகிக்கும். இப்படி ஒண்ணுமே ஆகாம நான் பார்த்ததில்லை."

நிரஞ்சனா சிரித்துவிட்டாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு சோதனையில் பாஸ் ஆகியிருக்கிறாள். அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று அவர்களுக்குள் நடந்ததை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலையில் அவள் குளியலறைக் கண்ணாடி முன் நின்று தன் உடம்பை ஓர் அங்குலம் விடாமல் தேடினாள். எங்கேயும் ஒரு புள்ளிகூட இல்லை. வெளியே வந்து அருணேஷிடம், "ஒண்ணுமே இல்லை அருண்" என்றாள். சொல்லிவிட்டு, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தேம்பி அழுதாள். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெங்காயம்கூட அப்போது அவன் நறுக்கிக்கொண்டிருக்கவில்லை.

அந்தச் சந்தோஷம் பத்து நாள் நீடித்தது.

ஃபர்ஹானா அவள் ஆபீசுக்கே வந்துவிட்டாள். வாசலில் இருந்த டீக்கடையில் நின்றுகொண்டு அவளைக் கீழே வரச் சொன்னாள். நிரஞ்சனா போனபோது ஃபர்ஹானாவின் கையில் டீ ஆறிப்போயிருந்தது.

"அக்கா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்களைக் கேக்காம ஒரு காரியம் பண்ணிட்டேன்."

"என்ன?"

"அன்னைக்கு உங்க கையில இருந்து உரிச்ச துண்டுல உங்க தோலோட செல்லும் ஒட்டிட்டு வந்துருச்சு. எனக்கு மனசு கேக்கலை. நான் படிச்சதே செல்லு, மரபணுன்னு அந்தப் படிப்புத்தான். கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி மரபணு லேப்ல இருக்கா. அவகிட்ட அனுப்பி, இதுல எது தளிரு, எது இந்த அக்கா, பிரிச்சுச் சொல்லுன்னு கேட்டேன்."

"சரி."

"பிரிக்க முடியலைன்னுட்டா. ரெண்டு ஆளு அதுல இல்லைங்கறா. ஒரே ஆளுதான்."

ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நிரஞ்சனாவுக்கு அது எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது.

"உங்களுக்கு ரெட்டைப் பிறவி யாராச்சும்..."

"நான் ஒத்தைப் பொண்ணு."

"அப்படீன்னா அது நீங்கதானுங்க அக்கா" என்றாள் ஃபர்ஹானா. "தளிர்ங்கறதே நீங்கதான்."

நிரஞ்சனா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் தன் தோள்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். யாரோ போர்வையை உருவிக்கொண்டு போவதுபோல ஓர் எண்ணம். அப்படிப் பிடித்திருந்த விரல்களுக்கு இடது தோளின் பின்புறத்தில் ஒரு பழைய சின்னத் தழும்பு தட்டுப்பட்டது. கல்யாணத்துக்கு முன்னால் யாரோ கொண்டுவந்த கறுப்பு மருதாணியை வைத்துக் கை முழுக்கக் கொப்புளமாகி, காந்திபுரம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் படுத்திருந்தபோது எடுத்தது. "பரிசோதனைக்குத் துளியூண்டு தோல் எடுக்கறோம்மா, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லி எடுத்தார்கள். அந்த டாக்டரின் பெயர் கிருபாகரன்.

கிருபாகரனைக் கண்டுபிடிக்க அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. தளிர் கம்பெனியின் தலைவர் அவர்தான். சூலூருக்குப் போகிற வழியில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே அவர்களுடைய வளர்ப்புக்கூடம் இருந்தது. ஃபர்ஹானா கூட வருவதாகச் சொன்னாள். வேலை போய்விடும், வேண்டாம் என்று நிரஞ்சனா தனியாகவே போனாள்.

தலை நரைத்த அந்த மனிதர் அவள் சொன்னதை ஒரு குறுக்குக் கேள்வி கேட்காமல் முழுவதும் கேட்டார். மறுக்கவில்லை. மெதுவாக எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார்.

"கல்யாணப் பொண்ணு" என்றார். "ரெண்டு கையும் கட்டுப் போட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொல்வாங்களோன்னு அழுதுட்டே இருந்தீங்க."

"அப்ப ஞாபகம் இருக்குது உங்களுக்கு."

"முகம் ஞாபகம் இருக்கு. பேரை நாங்களே அழிச்சுட்டோம். பேர் தெரியாம இருந்தா உங்களுக்குப் பாதுகாப்புன்னு அன்னைக்கு நெனைச்சோம். வெட்டி எடுத்த திசு கழிவுன்னுதான் அப்பச் சட்டம் சொல்லுச்சு. நான் அந்தக் கழிவைத் தூக்கிப் போடலை. அவ்வளவுதான் நான் பண்ணினது."

"என்னோடது எதுக்கு? தொட்டாலே தடிக்கிற தோல் டாக்டர் இது."

"அதனாலதான்." அவர் குரலில் அவரையும் மீறி ஓர் ஆர்வம் ஏறியது. "ஓ நெகட்டிவ் ரத்தம் இருக்கில்லையா? அதை யாருக்கு வேணும்னாலும் ஏத்தலாம். ஆனா அவங்களுக்கு வேற எந்த ரத்தத்தையும் ஏத்த முடியாது. உங்க தோலும் அப்படித்தாம்மா. அது வேற எதையும் ஏத்துக்காது. ஆனா அதை எல்லா உடம்பும் ஏத்துக்கும். வேற ஆள்னு அடையாளம் காட்டற ஒரு புரதம் உங்களுக்குப் பிறவியிலேயே இல்லை. அப்படி இன்னொருத்தரை நான் இதுவரைக்கும் பார்க்கலை."

பெருமைப்பட வேண்டிய செய்தியைச் சொல்வதுபோல அவர் சொன்னார்.

"எனக்கு அதைப் பார்க்கணும்" என்றாள்.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு காலுக்கு உறை கொடுத்து அழைத்துப்போனார்.

கதவு திறந்ததும் முதலில் வந்தது வாசனை. இன்ன வாசனை என்று சொல்லத் தெரியாத, ஆனால் அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. காலையில் எழும்போது அவளுடைய தலையணை உறையில் இருக்கும் அதே வாசனை, ஒரு பெரிய கூடம் முழுக்க வெதுவெதுப்பாக நிறைந்து கிடந்தது. அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

உயரமான இரும்புத் தட்டுகளில் அடுக்கடுக்காகப் பாத்திரங்கள். ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்பு நீரில் மாநிறமாக ஒரு விரிப்பு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை அதே நிறம். அது தன் கையின் நிறம் என்பதை அவள் கையைப் பக்கத்தில் நீட்டிப் பார்க்காமலே அறிந்தாள். தூரத்தில் முகமூடி போட்ட ஒரு பெண் கத்தரியால் விரிப்பு ஒன்றின் ஓரத்தை வளைவாக நறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னத் துணுக்குகள் பக்கத்து வாளியில் விழுந்தன.

"இதுவரைக்கும் வளர்த்ததை எல்லாம் விரிச்சா வ.உ.சி. மைதானமே மூடிடும்" என்றார் கிருபாகரன்.

"அதுக்கு வலிக்குதா?"

"சேச்சே. நரம்பே கிடையாது. ஒண்ணும் தெரியாது அதுக்கு."

எனக்குத் தெரிகிறதே என்று சொல்ல நினைத்தாள். கூடத்தின் வாசலுக்கு வெளியே ஒரு தென்னை மரத்தடியில் போய் வாந்தி எடுத்தாள்.

டாக்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

"புதுச் சட்டப்படி நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இது மொத்தத்தையும் நான் அழிச்சாகணும்" என்று அவரே சொன்னார். "மறைக்க மாட்டேன்."

"அழிச்சிருங்க."

"அழிக்கிறேன். திங்கக்கிழமை வரைக்கும் மட்டும் யோசிங்க. இதை வாங்கினவங்கள்ல பாதிப் பேர் சுகத்துக்கு வாங்கினவங்க. அவங்களைப் பத்தி நான் பேசலை. மீதிப் பேர் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்கினவங்க, தீக்காயப்பட்டவங்க. அவங்க உடம்பு வேற எதையும் உள்ள விடாது."

"சுகத்துக்கு வாங்கினவங்க ஏன் பேச்சுல வர மாட்டாங்க டாக்டர்? நானும் அதுக்குத்தான் வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

அருணேஷ் வீட்டில்தான் இருந்தான். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் அவளிடமிருந்து எடுத்தது, வளர்த்தது, அந்த வாசனை, அந்தக் கத்தரி. அவன் தன்னைக் கட்டிக்கொள்வான், கையைக் கழுவாமல் வந்தாலும் இன்று பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே சொன்னாள். அவன் எழுந்து சமையல் மேடையில் சாய்ந்து நின்றான்.

"எத்தனை வீட்ல இருக்கும்?"

"தெரியலை. நிறைய."

"ஆம்பளைங்களும் வாங்கறாங்களா?"

நிரஞ்சனா அவனையே பார்த்தாள். பதினோரு வருடம் அவள் பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தவன் இவன்தானா என்று ஒரு நொடி சந்தேகமாகிவிட்டது.

"அது பாத்திரத்துல வளர்ந்த தோல், அருண்."

"உன்னோட தோல்."

"ஆமா, என்னோட தோல். அப்ப கோவம் வரவேண்டியது எனக்கு. உனக்கு எதுக்கு வருது?"

"ஊர்ல எவன் எவன் வீட்லயோ நீ கெடக்கறே. எனக்கு எப்படி இருக்கும்?"

சொன்ன பிறகு அவனே திடுக்கிட்டதுபோல வாயை மூடிக்கொண்டான். ஆனால் சொன்னது சொன்னதுதான். சூலூர் கூடத்தில்கூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை. அங்கே அவளை அறியாதவர்கள் அவளைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். இவன் அவளை அறிந்தவன். மறுநாள் ஈரோட்டில் ஒரு கல்யாணச் சமையல் என்று அவன் கிளம்பிப் போனான். சமையல் முடிந்தும் திரும்பவில்லை.

ஃபர்ஹானா தினமும் போன் செய்தாள். அழிக்க வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சனிக்கிழமையன்று மட்டும், வாங்கத் தயங்குகிறவர்களோடு பேசுவதற்குப் பழைய வாடிக்கையாளர்கள் சிலர் இருக்கிறார்கள், அதில் ஓர் அம்மா பொள்ளாச்சியில் இருக்கிறார் என்றாள்.

"போய்ப் பாருங்கன்னு நான் சொல்ல மாட்டேன் அக்கா. இருக்காங்கன்னு மட்டும் சொல்றேன்."

நிரஞ்சனா விலாசத்தை வாங்கிக்கொண்டாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. தன்னை உபயோகிக்கிற ஒரு முகத்தையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற வெறிதான் அவளை ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றியது.

பொள்ளாச்சி அம்மாவின் பெயர் சுகந்தி, உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தில் கோ-கோ ஆட்டத்துக்கு விசில் ஊதி ஊதிப் பழகிய குரல், வீட்டுக்குள்ளும் இறங்கவில்லை. "வாங்க கண்ணு, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல மோரு குடிங்க" என்று உபசரித்தார். கணவர் தோட்டத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவரு கேட்டாக் கேக்கட்டும், அவருக்குத் தெரியாததா" என்று சுகந்தி சிரித்தார். நிரஞ்சனா வாங்கத் தயங்கும் புது ஆள் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"கருப்பை வாயில கேன்சரு. கதிர்வீச்சு குடுத்தாங்க. நோயி போயிருச்சு. ஆனா உள்ள எல்லாம் சுருங்கிக் காகிதமாட்ட ஆயிருச்சு கண்ணு. அப்படியே விட்டா ஒட்டிக்கும்னு பிளாஸ்டிக் குழாயாட்ட நாலு குடுத்துப் பழகச் சொன்னாங்க. வைக்கறப்பெல்லாம் கிழிஞ்சு ரத்தம். வேண்டாம்னு தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். டாக்டரு செக்கப்புக்குக் கை வைக்கக்கூட விடமாட்டேன், கத்துவேன். அப்புறம்தான் இது வந்துச்சு."

"இது வலிக்கலையா?"

"மொதநாளு நான் அழுதேன். வலியில இல்ல. வலிக்காததால." சுகந்தி மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "மருந்துன்னுதான் ஆரம்பிச்சேன். போகப்போக மருந்து மட்டும் இல்லைன்னு ஆயிருச்சு. இந்த வயசுல எதுக்குன்னு நெனைப்பாங்க. நெனைச்சுட்டுப் போகட்டும். செத்துப்போச்சுன்னு நெனைச்ச உடம்பு எனக்குத் திரும்பக் கெடைச்சுது."

பிறகு வேலையைப் பார்ப்போம் என்பதுபோல அவர் விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார். சின்ன அளவில் தொடங்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும் அலச வேண்டும், வாசனைச் சோப்பு கூடவே கூடாது. மனசு சரியில்லாத நாளில் தொடவே வேண்டாம். "ஒடம்பு மாட்டேன்னா விட்டுரோணும். அதுதான் முக்கியம்" என்று சொல்லிக்கொண்டே, தைரியம் சொல்வதற்காக நிரஞ்சனாவின் முழங்கைக்கு உள்பக்கமாகக் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தார்.

தட்டிய கை நின்றது.

அவர் நிரஞ்சனாவின் கையை ஒரு முறை தடவினார். புருவம் சுருங்கியது. இன்னொரு முறை, மிக மெதுவாக. பிறகு நெருப்பைத் தொட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். மைதானத்துக் குரல் எங்கோ போய்விட்டது.

"கண்ணு," என்றார் கிசுகிசுப்பாக. "இந்தத் தோலு எனக்குத் தெரியும்."

முகத்துக்கு நேரே கத்திவிட வேண்டும் என்று வரும் வழியெல்லாம் நிரஞ்சனா கோத்து வைத்திருந்த சொற்கள் ஒன்றும் வரவில்லை.

"நீங்களா?"

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

சுகந்தியின் முகம் வெளிறிப் போயிருந்தது. அவர் கேட்ட அடுத்த கேள்வியை நிரஞ்சனா எதிர்பார்க்கவில்லை.

"உங்களைக் கேட்டுட்டுத்தான எடுத்தாங்க?"

டாக்டர், கணவன் என்று எல்லோரோடும் இந்த நாட்களில் அவள் பேசிவிட்டாள். ஒருவர்கூட இதை அவளிடம் கேட்கவில்லை.

"இல்லைங்க," என்றாள். "கேக்கலை."

சுகந்தி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அந்தப் பெட்டி இருந்தது. குனிந்து அதை நிரஞ்சனாவின் மடியில் வைத்தார்.

"எடுத்துக்குங்க."

"உங்களுக்கு?"

"எனக்கு எப்படியோ போகுது. பரண்ல அந்தப் பழசு கெடக்குது, பார்த்துக்கறேன். கேக்காம எடுத்ததுன்னு தெரிஞ்சப்புறம் எப்படிக் கண்ணு நான் இதைத் தொடுவேன்?" அவர் கண்ணில் நீர் கோத்துவிட்டது. "எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது."

பெட்டி மடியில் வெதுவெதுப்பாக இருந்தது. நிரஞ்சனா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரையும்விட இது தேவைப்படுகிறவர், இதைத் திருப்பித் தர வேண்டிய அவசியம் துளியும் இல்லாதவர், ஒரு நொடிகூட யோசிக்காமல் தந்துவிட்டார். அந்த அதிர்ச்சியில், நெஞ்சில் சூலூரிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அசைந்தது.

"கேளுங்க" என்றாள்.

"என்னத்தைக் கேக்கறது?"

"வேணும்னு என்கிட்டக் கேளுங்க."

சுகந்தி பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆயிரம் பிள்ளைகளை விசிலால் நிறுத்தியவருக்கு இரண்டு சொல் சொல்ல வரவில்லை.

"எனக்கு இது வேணும். தர்றீங்களா கண்ணு?"

"தர்றேன்" என்றாள் நிரஞ்சனா. பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

திங்கட்கிழமை அவள் கிருபாகரனுக்குப் போன் செய்தாள். இனிமேல் புதிதாக யாருக்கும் விற்கக் கூடாது. வாங்கிய ஒவ்வொருவருக்கும் இது எப்படி எடுக்கப்பட்டது என்ற உண்மையைச் சொல்ல வேண்டும். வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் அவளையே கேட்க வேண்டும். அவளே ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வாள். அவள் சரி சொன்னவர்களுக்குத் தேவையான அளவை மட்டும் வளர்த்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும்.

"வெக்கப்பட்டுக்கிட்டு ஒருத்தரும் கேக்க மாட்டாங்கம்மா. எல்லாம் அழிஞ்சுபோகும்" என்றார் அவர்.

"அதை அவங்க முடிவு பண்ணட்டும் டாக்டர். இத்தனை நாள் நீங்கதான எல்லாருக்கும் சேர்த்து முடிவு பண்ணினீங்க."

அருணேஷ் அன்று மாலை ஈரோட்டிலிருந்து வந்தான். வாசலிலேயே நின்றான். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை, "வரலாமா?" என்று மட்டும் கேட்டான். வீட்டுக்குள் வரலாம், பக்கத்தில் இன்றைக்கு வேண்டாம் என்றாள் அவள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் அவளுக்கு ஒத்துக்கொள்கிற மாதிரி மிளகில்லாமல் ஒரு ரசம் வைத்தான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கை கழுவிவிட்டு வந்தபோது போனில் முதல் கேள்வி வந்து காத்திருந்தது. கம்பெனியில் அன்றே வாங்கியவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பி, பெயரை மறைத்துக் கேட்கலாம் என்று வழி செய்திருந்தார்கள். இதைக் கேட்டவள் மறைக்கவில்லை.

'அக்கா, எனக்கு நாலு வருசமா இது இல்லாம முடியாது. கல்யாணத்துக்கு அப்புறம் தோல்ல வந்த வியாதி, தொட்டாலே கிழியும். அன்னைக்கு டீக்கடைக்கு வந்தப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க எனக்காகப் பார்த்து அழிக்காம விட்டுருவீங்களோன்னு சொல்லலை. இப்பக் கேக்கறேன். எனக்கும் வேணும். தருவீங்களா? - ஃபர்ஹானா.'

நிரஞ்சனா அதை இரண்டாவது தடவை படித்தாள். பிறகு பதில் எழுதாமல், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.